பச்சைப் பாசி எப்போது சிவக்கிறது?

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் இருக்கும் கிரேட் சால்ட் லேக் ஏரியை விமானத்திலிருந்து எடுத்த படங்களில் பார்த்தால், நடுவே ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல ஒரு கோடு தெரியும். கோட்டுக்கு வடக்கே தண்ணீர் இளஞ்சிவப்பு. தெற்கே நீலமும் பச்சையும் கலந்த நிறம். 1959-ல் ரயில் பாதைக்காகக் கல் கொட்டிக் கட்டி முடித்த கரைதான் அந்தக் கோடு. ஏரிக்கு நன்னீர் கொண்டுவரும் பெரிய ஆறுகள் தெற்குப் பக்கம்தான் வந்து சேர்கின்றன. வரத்து இல்லாத வடக்குப் பக்கத்தில் உப்பு ஏறிக்கொண்டே போய், இனிமேல் கரையாது என்கிற எல்லையை ஒட்டி நிற்கிறது.

படத்தைப் பார்க்கிற எவருக்கும் ஒரு முடிவு உடனே தோன்றும்: உப்பு கூடினால் பாசி சிவக்கும். உப்பை விரும்பும் நுண்பாசிகளைப் பற்றிய பல கட்டுரைகளும் இதோடு நிறுத்திக்கொள்கின்றன. தப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் இதை மட்டும் நம்பி ஒரு குடுவையில் பாசியை வளர்த்து, உப்பை அள்ளிப் போட்டு, மங்கலான வெளிச்சத்தில் வைத்துவிட்டுக் காத்திருந்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். உப்பு இருக்கும், பாசியும் உயிரோடு இருக்கும், நிறம் பச்சையாகவே இருக்கும். அப்படியானால் சிவக்க வைப்பது எது?

முதலில் அந்த உயிரைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்த்துவிடலாம். பெயர் டுனாலியெல்லா சலைனா. பிரான்ஸின் தெற்கே மான்பெலியே பக்கத்து உப்பளங்களில் தண்ணீர் சிவப்பதற்கு ஒரு நுண்ணுயிர் காரணம் என்று 1838-ல் எழுதியவர் மிஷெல் ஃபெலிக்ஸ் டுனால். அவர் நினைவாக 1905-ல் இந்தப் பேரினத்துக்குப் பெயர் வைத்தவர் ருமேனியாவின் தியோடொரெஸ்கு.

நுண்நோக்கியின் கீழே ஒரு சொட்டு வைத்துப் பார்த்தால், ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு நீளமுள்ள முட்டை வடிவச் செல்கள் இரண்டு கசையிழைகளை அடித்துக்கொண்டு சுறுசுறுப்பாக ஓடும். செல்லின் பெரும்பகுதியை நிரப்பிக்கொண்டு கிண்ணம் போல ஒரே ஒரு பசுங்கணிகம். கண்ணாடித் தகட்டின் ஓரத்தில் ஒரு சொட்டுக் காய்ச்சி வடித்த நீரை விட்டால், அது பரவி வரும் திசையில் செல்கள் வரிசையாக உப்பி, உருண்டையாகி, வெடித்துக் காணாமல் போகும். முதல் தடவை பார்க்கும்போது மனசு கொஞ்சம் பதறும். காரணம், இந்தப் பாசிக்குக் கெட்டியான செல்சுவர் கிடையாது. மெல்லிய சவ்வும் அதன்மேல் ஒரு வழவழப்பான பூச்சும்தான்.

சுவர் இல்லாத ஓர் உயிர் உப்பு நீரில் எப்படித் தாக்குப்பிடிக்கிறது? வெளியே உப்பு எவ்வளவு இருக்கிறதோ, அதற்கு ஈடாகச் செல்லுக்குள் கிளிசராலைத் தானே தயாரித்து வைத்துக்கொள்கிறது. சோடியத்தை உள்ளே சேரவிடுவதில்லை. உப்பைத் திடீரென்று கூட்டினால் சில நிமிடங்களில் செல் சுருங்கும். அடுத்த சில மணி நேரத்தில் கிளிசராலைக் கூட்டிக்கொண்டு பழைய அளவுக்குத் திரும்பும். கடல்நீரில் உப்பு சுமார் 3.5 சதவீதம். இந்தப் பாசி அதற்கும் குறைவான உப்பிலிருந்து, உப்புப் படிகம் படியத் தொடங்கும் 35 சதவீத அளவு வரைக்கும் உயிர் வாழும். இவ்வளவு அகலமான எல்லைக்குள் வாழும் ஒளிச்சேர்க்கை உயிர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

கிளிசரால் சும்மா வருவதில்லை என்பதை இங்கேயே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஒளிச்சேர்க்கையில் பிடித்த கார்பனைச் செலவழித்துத்தான் அது உருவாகிறது. உப்பு ஏற ஏற, வளர்ச்சிக்குப் போக வேண்டிய கார்பன் கிளிசராலுக்குப் போகிறது. விளைவு, செல் பிரிவது மெதுவாகிறது. இந்தத் தாமதம்தான் பின்னால் நிறமாக மாறப் போகிறது.

சரி, நிறத்துக்கு வருவோம். சிவப்பு, ஆரஞ்சு என்று கண்ணுக்குத் தெரிவது பெரும்பாலும் பீட்டா கரோட்டின். கேரட்டில் இருக்கும் அதே நிறமிதான், நம் உடல் வைட்டமின் ஏ தயாரிக்கப் பயன்படுத்துவதும் அதுவே. நல்ல ரகச் செல்களில் உலர் எடையில் 10 சதவீதமும் அதற்கு மேலும் பீட்டா கரோட்டின் சேரும். ஒரு கிலோ உலர்ந்த பாசியில் நூறு கிராமுக்கு மேல் நிறமி என்றால், அதைச் செல்லின் உறுப்பு என்பதைவிடச் சரக்கு என்பதே பொருத்தம். அந்தச் சரக்கு பசுங்கணிகத்துக்குள், ஒளிச்சேர்க்கைத் தகடுகளுக்கு இடையே, நுண்ணிய கொழுப்புத் துளிகளில் கரைந்து கிடக்கிறது.

இந்தத் துளிகளில் இருக்கும் கரோட்டின் ஒளிச்சேர்க்கைக்கு உதவுவதில்லை. பச்சையத்தோடு சேர்ந்து வேலை செய்யும் கரோட்டின் வேறு, அது எப்போதும் சிறிதளவு இருக்கும். துளிக் கரோட்டின் ஒரு திரைச்சீலை. பச்சையம் சிவப்பு ஒளியையும் நீல ஒளியையும் உறிஞ்சும். கரோட்டின் நீலத்தை மட்டும் உறிஞ்சும். அதனால், நிறமி நிறைந்த செல்கள் கடுமையான நீல ஒளியைத் தாங்குகின்றன, அதே அளவு கடுமையான சிவப்பு ஒளியில் அந்தப் பாதுகாப்பு கிடைப்பதில்லை. கரோட்டின் உருவாகும் பாதையை நார்ஃப்ளூராசான் என்கிற களைக்கொல்லியால் அடைத்துவிட்டால், நிறமற்ற ஃபைட்டோயீன் என்ற முன்பொருள் மட்டும் தேங்கும். அப்படிப்பட்ட செல்கள் பலமான வெளிச்சத்தில் பிழைப்பதில்லை. திரை எதற்கு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

இங்கே ஒரு சின்ன விலகல். உப்பு ஏரிகளின் சிவப்பு முழுவதையும் டுனாலியெல்லாவின் கணக்கில் எழுதுவது நியாயமில்லை. அதே நீரில் ஹாலோஆர்க்கியா என்ற உப்பு விரும்பும் நுண்ணுயிர்கள் கோடிக்கணக்கில் வாழ்கின்றன. அவற்றின் சவ்வில் பாக்டீரியோரூபெரின் என்ற சிவப்பு நிறமி இருக்கிறது. பாசியின் கரோட்டின் எடையில் அதிகமாக இருந்தாலும், அது துளிகளுக்குள் அடைந்து கிடப்பதால் நீரின் நிறத்தை அவ்வளவாக மாற்றுவதில்லை. ஆர்க்கியாவின் நிறமியோ மிகச் சிறிய செல்களில் பரவலாகத் தூவியதுபோல இருப்பதால் கண்ணுக்கு அதுவே பெரிதாகத் தெரிகிறது. ஒரே அளவு மஞ்சள்தூளைக் கட்டிகளாகத் தண்ணீரில் போடுவதற்கும் கரைத்து ஊற்றுவதற்கும் உள்ள வித்தியாசம் போல என்று வைத்துக்கொள்ளலாம். ஆகவே தண்ணீரின் நிறத்தைப் பார்த்து மட்டும் உள்ளே எவ்வளவு கரோட்டின் என்று சொல்லிவிட முடியாது. செல்லை எடுத்து, அசிட்டோனில் நிறமியைப் பிரித்து, சுமார் 450 நானோமீட்டர் ஒளியில் அளந்தால்தான் கணக்கு.

நிறமியைத் தூண்டும் நிலைமைகள் என்று எந்தப் பாடநூலும் ஒரு பட்டியல் தரும்: பலமான வெளிச்சம், அதிக உப்பு, நைட்ரஜன் பற்றாக்குறை, பாஸ்பேட் அல்லது சல்பேட் பற்றாக்குறை, ஒவ்வாத வெப்பநிலை. மனப்பாடம் செய்ய வசதியான பட்டியல்தான். ஆனால் இவை ஒன்றுக்கொன்று என்ன உறவு என்பதைப் பட்டியல் சொல்லாது. இஸ்ரேலைச் சேர்ந்த ஆய்வாளர்கள் அமி பென்-அமோட்ஸ், மோர்டகாய் அவ்ரான் இருவரும் 1983-ல் இதற்கு ஒரு பதில் தந்தார்கள். இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த யோசனை அதுதான். ஒரு செல் ஒருமுறை பிரிந்ததற்கும் அடுத்த முறை பிரிவதற்கும் இடையே மொத்தம் எவ்வளவு வெளிச்சத்தை வாங்கிக்கொள்கிறதோ, அதைப் பொறுத்தே அதில் சேரும் கரோட்டினின் அளவு அமைகிறது என்றார்கள்.

இந்த ஒரு வரியைக் கையில் வைத்துக்கொண்டு பட்டியலைத் திரும்பப் படித்தால், சிதறிக் கிடந்ததெல்லாம் ஒரு கோவைக்குள் வந்துவிடுகிறது. வெளிச்சத்தைக் கூட்டினால், பிரிவுக்குப் பிரிவு வாங்கும் ஒளி கூடுகிறது. இது நேர்வழி. உப்பைக் கூட்டினால் வெளிச்சம் அப்படியேதான் இருக்கிறது, ஆனால் செல் பிரிய நாளாகிறது. அந்தக் கூடுதல் நாட்களிலும் வெயில் விழுந்துகொண்டே இருக்கிறது. சத்துக் குறைந்தாலும் இதே கதைதான். அதனால்தான் மங்கலான அறையில் உப்பு மட்டும் பலிப்பதில்லை: பிரிவு தாமதமானாலும், அந்த நேரத்தில் வாங்கிச் சேர்க்க வெளிச்சம் இல்லை. மறுபக்கம், சத்தும் இடமும் தாராளமாகக் கிடைத்து வேகமாகப் பிரிந்துகொண்டிருக்கும் செல், நல்ல வெயிலிலும் கணிசமாகப் பச்சையாகவே இருக்கும். வாங்குகிற ஒளியையெல்லாம் உடனுக்குடன் புதிய செல்களாகச் செலவழித்துவிடுகிறதே.

நைட்ரஜனைப் பற்றிக் கொஞ்சம் நிறுத்திப் பேச வேண்டும், ஏனென்றால் அங்கே வெறும் தாமதத்தைவிட அழகான ஒன்று நடக்கிறது. பச்சையத்தின் ஒவ்வொரு மூலக்கூறிலும் நான்கு நைட்ரஜன் அணுக்கள் உண்டு. புரதம் முழுக்க நைட்ரஜன். டிஎன்ஏ-விலும் நைட்ரஜன். புதுச் செல் ஒன்று வேண்டுமானால் இவை எல்லாம் வேண்டும். பீட்டா கரோட்டினிலோ 40 கார்பனும் 56 ஹைட்ரஜனும் மட்டும்தான். நைட்ரஜன் ஓர் அணுகூட இல்லை. கொழுப்பிலும் கிளிசராலிலும் அப்படியே. நீரில் நைட்ரேட் தீர்ந்துபோனால் செல் பிரிய முடியாமல் நிற்கும், பச்சையம் குறையத் தொடங்கும், ஆனால் ஒளிச்சேர்க்கை உடனே நின்றுவிடாது. உள்ளே வந்துகொண்டே இருக்கும் கார்பனை எங்கேயாவது வைத்தாக வேண்டும். நைட்ரஜன் கேட்காத பொருள்கள்தான் அதற்கு வழி: கொழுப்பு, கிளிசரால், கரோட்டின். கொழுப்பு உருவாவதைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்தால் கரோட்டின் சேர்வதும் நின்றுபோகிறது என்று 1990-களில் செய்த சோதனைகள் காட்டின. சரக்கு வைக்கக் கிடங்கு இல்லாவிட்டால் சரக்கும் உருவாகாது.

செல்லுக்குத் தகவல் போவது எப்படி? தேவைக்கு மேல் ஒளி வரும்போது, ஒளிச்சேர்க்கைத் தகடுகளில் எலக்ட்ரான்கள் போக வழியில்லாமல் தேங்குகின்றன. அப்போது வீரியமிக்க ஆக்ஸிஜன் வகைகள் பிறக்கின்றன. செல்லைக் கெடுக்கக்கூடிய இவையே கரோட்டின் தயாரிப்பைத் தூண்டும் மணியாகவும் இருக்கின்றன. சில நாட்களில் குடுவை பச்சையிலிருந்து ஒலிவம், அப்புறம் காவி, கடைசியில் ஆரஞ்சு என்று நிறம் மாறும். பச்சையம் குறைவதும் கரோட்டின் கூடுவதும் ஒரே சமயத்தில் நடப்பதால், கண்ணுக்கு இந்த மாற்றம் உண்மையில் நடந்ததைவிடப் பெரிதாகத் தெரியும். வெறும் பச்சையம் போனதாலேயே மஞ்சளித்த குடுவையை, கரோட்டின் பெருகிவிட்டது என்று குதூகலித்துப் படம் எடுத்து வைத்தவர்களில் நானும் உண்டு. அளந்து பார்த்தால்தான் தெரியும்.

எல்லா டுனாலியெல்லாவும் இப்படிச் சிவக்காது என்பதையும் சொல்ல வேண்டும். டுனாலியெல்லா டெர்டியோலெக்டா, டுனாலியெல்லா விரிடிஸ் போன்ற நெருங்கிய உறவுகளுக்கு இதே வெயிலையும் இதே பட்டினியையும் கொடுத்தாலும் இந்த அளவு நிறமி சேராது. வளர்ப்புச் சூழல் ஓர் ஆற்றலை வெளியே கொண்டுவரும்; இல்லாத ஆற்றலை உண்டாக்காது.

இனி உப்புக்கே திரும்புவோம். சோதனைக் கூடத்தில் டுனாலியெல்லா சலைனா நன்றாக வளர்வது சுமார் 20 சதவீத உப்பை ஒட்டி. ஒரு செல்லில் கரோட்டின் அதிகமாகச் சேர்வது அதைத் தாண்டி, 27 சதவீதம், அதற்கும் மேல். பண்ணைகள் அதிக உப்பை விரும்புவதற்கு இது மட்டும் காரணமில்லை. திறந்தவெளிக் குளத்தில் பாசி தனியாக இருப்பதில்லை. அதைத் தின்னும் ஃபாப்ரியா போன்ற குறுஇழை உயிரிகள், அமீபாக்கள், உப்புநீர் இறால் எல்லாம் வந்து சேரும். சிவக்காத பச்சை உறவுகளும் குறைந்த உப்பில் வேகமாகப் பெருகி இடத்தைப் பிடித்துக்கொள்ளும். உப்பை ஏற்றினால் இவை ஒவ்வொன்றாகப் பின்வாங்கும். அதாவது குளத்தில் உப்புக்கு இரண்டு வேலை: செல்லை நெருக்கடியில் வைப்பது ஒன்று, வேலி போடுவது இன்னொன்று. குடுவைச் சோதனையில் இரண்டாவது வேலை கண்ணில் படாது. சோதனைக் கூட முடிவை அப்படியே குளத்துக்குக் கொண்டுபோனவர்கள் இடறி விழுந்தது பெரும்பாலும் இந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன்.

ஆஸ்திரேலியாவின் ஹட் லகூன், வயல்லா ஆகிய இடங்களில் இருப்பவை உலகின் மிகப் பெரிய நுண்பாசிப் பண்ணைகளில் சேரும். நூற்றுக்கணக்கான ஹெக்டேர் பரப்பில், ஆழம் குறைந்த, கலக்கி விடாத குளங்கள். வெயிலும் காற்றும் உப்பும் செய்கிறபடி செய்யட்டும் என்று விட்டுவிடும் முறை. பாசி அடர்த்தி மிகக் குறைவு, ஆனால் பரப்பும் பெரிது, செலவும் குறைவு. இஸ்ரேலின் எய்லாத்தில் இதற்கு நேர்மாறு. ஓட்டப்பந்தயத் தடம் போன்ற வளைந்த தொட்டிகளில் துடுப்புச் சக்கரம் நீரைச் சுற்றிவிடும், கார்பன் டை ஆக்சைடு விட்டு அமிலத்தன்மையைச் சரிசெய்வார்கள், சத்தை அளந்து போடுவார்கள். சிறிய இடத்தில் அடர்த்தியான பாசி. இரண்டு இடத்திலும் உயிர் ஒன்றுதான். நிறத்துக்கு வழி மட்டும் வேறு: அங்கே உப்பும் காலமும், இங்கே வெளிச்சமும் கட்டுப்படுத்திய பட்டினியும்.

ஏன் எல்லோரும் ஒரேயடியாகப் பட்டினி போட்டு, உப்பை உச்சத்தில் வைத்து, நிறமியைக் குவித்துவிடக்கூடாது? ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எண்கள் புரிவதற்காக மட்டும். முதல் குடுவையில் ஒரு மில்லிலிட்டருக்கு 10 லட்சம் செல்கள், செல்லுக்கு 10 பிகோகிராம் (ஒரு பிகோகிராம் என்பது ஒரு கிராமில் லட்சம் கோடியில் ஒரு பங்கு) கரோட்டின்; மொத்தம் லிட்டருக்கு 10 மில்லிகிராம். இரண்டாம் குடுவையில் உப்பை ஏற்றியதால் செல்லுக்கு 30 பிகோகிராம் சேர்ந்தது, ஆனால் செல்கள் 2 லட்சம்தான். லிட்டருக்கு 6 மில்லிகிராம். இரண்டாவதை நுண்நோக்கியில் பார்த்தால் ஒவ்வொரு செல்லும் பழுத்த பழம் போல ஜொலிக்கும். முதலாவது வெறும் பச்சைக் கூட்டமாகத் தெரியும். ஆனால் அறுவடையில் ஜெயிப்பது முதலாவது. ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரண்படுவதுபோல் தோன்றும்போதெல்லாம், ஒருவர் செல்லுக்கு அளந்தாரா, லிட்டருக்கு அளந்தாரா, எத்தனை நாளுக்கு என்று அளந்தாரா என்று பார்த்தால் முரண்பாட்டில் பாதி கரைந்துபோகும்.

இதிலிருந்து பிறந்ததுதான் இரண்டு கட்ட வளர்ப்பு. முதலில் மிதமான உப்பு, தாராளமான நைட்ரேட் கொடுத்துப் பச்சையாகவே பெருக்கிக்கொள்வது. எண்ணிக்கை சேர்ந்த பிறகு பாசியின் அடர்த்தியைக் குறைத்து, நைட்ரஜன் குறைந்த தொட்டிக்கு மாற்றி வெயிலில் விடுவது. அடர்த்தியைக் குறைப்பது முக்கியம். பாசி அடர்ந்த நீரில் மேலே இருக்கும் செல் கீழே இருப்பதற்கு நிழலாகிவிடும். நடுப்பகல் வெயில் சதுர மீட்டருக்கு நொடிக்கு சுமார் 2000 மைக்ரோமோல் ஒளித்துகள்களைக் கொட்டினாலும், அடர்ந்த தொட்டியில் சில சென்டிமீட்டர் ஆழத்திலேயே அது மங்கிவிடும். மேற்பரப்பில் அளந்த வெளிச்சத்தை எழுதி வைத்துவிட்டு, ஒவ்வொரு செல்லும் அதைப் பெற்றது என்று நினைத்தால் கணக்குத் தப்பும். தொட்டிகளை 20 சென்டிமீட்டர் ஆழத்துக்குள்ளேயே வைத்துக்கொண்டு கலக்கிக்கொண்டே இருப்பதும் இதற்காகத்தான்.

கடைசியாக, எவ்வளவு நிறமி என்பதோடு எப்படிப்பட்ட நிறமி என்பதும் சூழலைப் பொறுத்து மாறும். பீட்டா கரோட்டின் மூலக்கூறு நேராக நீண்டிருந்தால் ட்ரான்ஸ் வடிவம்; ஓரிடத்தில் மடங்கியிருந்தால் 9-சிஸ். தொழிற்சாலையில் செயற்கையாகத் தயாரிப்பது பெரும்பாலும் ட்ரான்ஸ். இந்தப் பாசியின் துளிகளில் இரண்டும் ஏறத்தாழப் பாதிக்குப் பாதி இருக்கும். மடங்கிய வடிவம் எளிதில் படிகமாகாது, எண்ணெயில் நன்றாகக் கரையும். அவ்வளவு கரோட்டினைச் சின்னத் துளியில் அடைக்க முடிவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். வெப்பநிலையைக் குறைத்தால் 9-சிஸ் பங்கு கூடுகிறது. ஆல்பா கரோட்டினும் குளிரில் அதிகமாகிறது. சிவப்பு ஒளியில் வளர்க்கும்போதும் 9-சிஸ் பங்கு உயர்வதை அண்மைக்கால ஆய்வுகள் பார்த்திருக்கின்றன.

ஆனால் குளிரில் செல் மெதுவாகவே பெருகும்; பாசிக்குப் பிடித்தது 30 டிகிரியை ஒட்டிய சூடு. 9-சிஸ் வேண்டும் என்பவர் எண்ணிக்கையில் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும், எண்ணிக்கை வேண்டும் என்பவர் 9-சிஸ்ஸில். திறந்த குளத்தில் இந்தத் தேர்வுகூட வளர்ப்பவர் கையில் இல்லை, பருவத்தின் கையில்தான். அறுவடைக்குப் பிறகும் அவசரம் உண்டு. சுவர் இல்லாத செல் எளிதில் உடையும், உடைந்தால் கரோட்டின் காற்றோடும் வெளிச்சத்தோடும் சேர்ந்து வேகமாக நிறம் வெளுத்துவிடும். ஆகவே பிரித்தெடுத்ததை உடனே உலர்த்தி, காற்றுப் படாமல், இருட்டில் வைப்பார்கள். வாரக்கணக்கில் வெயில் காட்டிச் சேர்த்த நிறம் அது.